தலையெழுத்தும் எக்கோ எண்ணும்

சேர்வராயன் மலையில், மஞ்சக்குட்டைப் பக்கம் காப்பித் தோட்டத்தில் வேலை பார்க்கும் ஒருவரை மனத்தில் நிறுத்திக்கொள்ளலாம். பெயர் தேவையில்லை. இப்படி ஒருவர் மலையிலும் உண்டு, சமவெளியில் தெருவுக்குத் தெருவும் உண்டு. வயது 53. விடிகாலையில் நெஞ்சை அழுத்தியது. வாயுப் பிடிப்பு என்று சுக்கைத் தட்டிப் போட்டுக் குடித்துவிட்டு உட்கார்ந்தார். வேர்வை நிற்கவில்லை. பிறகுதான் 108 ஞாபகம் வந்தது. 20 கொண்டை ஊசி வளைவுகளையும் கடந்து சேலம் போய்ச் சேர்ந்தார். ஆஞ்சியோ எடுத்து, அடைப்பை நீக்கி, ஸ்டென்ட் வைத்தார்கள். ஒரு வாரத்தில் வீடு. கையில் ஒரு ஃபைல். ஃபைலுக்குள் எக்கோ ரிப்போர்ட். ரிப்போர்ட்டில் 35 என்று ஓர் எண்.

53 என்ற வயது போகிற போக்கில் சொன்னதல்ல. 52 நாடுகளில் நடந்த ‘இன்டர்ஹார்ட்’ ஆய்வில், தெற்காசியர்களுக்கு முதல் மாரடைப்பு வந்த இடைநிலை வயது 53. மற்ற நாட்டவருக்கு அது ஏறக்குறைய 59. பிள்ளைகள் படிப்பை முடிக்காத, கடன் அடையாத வயதில் நம் ஆட்களுக்கு நெஞ்சு வலிக்கிறது.

“பம்ப்பிங் முப்பத்தஞ்சுதானாம்.” இந்தச் செய்தி அவருக்கு முன்பே ஊர் வந்து சேர்ந்துவிடும். நூற்றுக்கு 35 என்றால் பள்ளிக்கூடத்தில் பாஸ் மார்க். நெஞ்சுக்கு என்றால், நூற்றில் 65 பங்கு போய்விட்டது என்று வீட்டார் கணக்குப் போட்டு அழுவார்கள். அந்தக் கணக்கு தவறு. நல்ல இதயமும் ஒரு துடிப்பில் தன்னிடமுள்ள ரத்தம் முழுவதையும் வெளியே தள்ளுவதில்லை. 55 முதல் 70 சதவீதம் வரைதான் தள்ளும். ஆக 35 என்பது குறைவுதான், கவலைப்பட வேண்டிய குறைவுதான். ஆனால் அது நூறிலிருந்து விழுந்த 35 அல்ல. இந்த ஒரு விளக்கத்தை வார்டிலேயே யாராவது பொறுமையாகச் சொல்லியிருந்தால் எத்தனையோ வீடுகளில் எத்தனையோ இரவுகள் தூக்கம் கெட்டிருக்காது.

இப்போது அவருக்கு ஒரு கேள்வி. மே மாதம் சேர்வராயன் கோயில் திருவிழா. மலையுச்சியில், 5,326 அடி உயரத்தில், குனிந்து நுழைய வேண்டிய குகைக்குள் சேர்வராயனும் காவேரியம்மனும் இருக்கிறார்கள். சுற்றியுள்ள மலைக் கிராமங்கள் எல்லாம் அன்று அங்கே கூடும். பிழைத்து எழுந்தால் நடந்தே ஏறி வருகிறேன் என்று படுக்கையில் கிடந்தபோது அவர் வேண்டிக்கொண்டார். மனைவி வேண்டாம் என்கிறார். அம்மா, “அவன் மலையில அவன் பாத்துக்குவான்” என்கிறார். டாக்டரோ, “ஒரு டி.எம்.டி. எடுத்துப் பார்த்துட்டுச் சொல்றேன்” என்கிறார்.

டிரெட்மில்லில் ஏறிப் பரிசோதித்துக்கொண்டு பிறகு சாமியிடம் போவது நம்பிக்கைக் குறைவா? இன்னொரு பக்கம், ரிப்போர்ட்டில் அச்சாகி வந்த எண்தான் இனித் தலையெழுத்தா? வெளிநோயாளிப் பிரிவு வரிசையில் நிற்பவர்கள் வாய்விட்டுக் கேட்காத கேள்விகள் இவை. பதில் தேட வேண்டுமானால், அந்தச் சோதனைகள் உண்மையில் எதைப் பார்க்கின்றன என்பதிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

ரத்தக் குழாய் அடைத்த உடனே இதயத் தசை மொத்தமாகச் செத்துவிடாது. சாவு உள்சுவரில் தொடங்கி, மணிக்கணக்கில் வெளிச்சுவரை நோக்கி நகரும். கீத் ரைமரும் ராபர்ட் ஜென்னிங்ஸும் 1977இல் நாய்களிடம் செய்த ஆய்வில் இதைக் காட்டினார்கள். அடைப்பை எவ்வளவு சீக்கிரம் திறக்கிறோமோ அவ்வளவு தசை மிஞ்சும். இந்தியாவில் 20,468 நோயாளிகளைக் கணக்கெடுத்து 2008இல் வெளியான ‘கிரியேட்’ பதிவேட்டில், வலி தொடங்கி மருத்துவமனை சேர ஆன இடைநிலை நேரம் 360 நிமிடம். ஆறு மணி நேரம்! சுக்குக் கஷாயத்துக்கும் வண்டிக்குக் காத்திருந்ததற்கும் கொடுத்த விலை அது. தமிழ்நாட்டில் 2023 ஜூனில் தொடங்கிய ‘இதயம் காப்போம்’ திட்டம் இந்த இடைவெளியை எண்ணித்தான் வந்தது. ஆஸ்பிரின், குளோபிடோக்ரல், அட்டோர்வாஸ்டாடின் ஆகிய மாத்திரைகளின் முதல் வேளையைத் துணை சுகாதார நிலையத்திலேயே கொடுத்து அனுப்புகிறார்கள். மலைக்காரர்கள் தெரிந்து வைத்திருக்க வேண்டிய செய்தி.

மிஞ்சியது எவ்வளவு என்று பார்க்க முதல் கருவி எக்கோ. அது பிறந்த இடம் ஒரு கப்பல் பட்டறை என்று சொன்னால் நம்புவது கடினம். ஸ்வீடனில் லுண்ட் நகரத்து மருத்துவர் இங்கெ எட்லரும் இயற்பியலாளர் ஹெல்முத் ஹெர்ட்ஸும், மால்மோ கப்பல் பட்டறையில் உலோகத்தில் விரிசல் தேடப் பயன்பட்ட ஒலியலைக் கருவியை இரவல் வாங்கி வந்து, 1953இல் மனித நெஞ்சில் வைத்துப் பார்த்தார்கள். இன்றைக்கு அந்த அறை எப்படி இருக்கும் என்பது பலருக்குத் தெரியும். சட்டையைக் கழற்றி, இடது பக்கம் ஒருக்களித்துப் படுக்க வேண்டும். ஜெல் சில்லென்று இருக்கும். திரையில் ஒரு சாம்பல் நிறப் பை சுருங்கி விரியும். நல்ல சுவர் சுருங்கும்போது தடிக்கும். அடிபட்ட சுவர் தடிக்காது. மற்றவை உள்ளே வரும்போது அது மட்டும் நின்ற இடத்திலேயே நிற்கும். டாக்டரின் கண் தேடுவது அந்தச் சோம்பல் சுவரைத்தான்.

ஆனால் அசையாத சுவரெல்லாம் செத்த சுவர் அல்ல. இதுதான் இந்த விஷயத்திலேயே மிக ஆழமான இடம்.

அடைப்பு திறந்த பிறகும் சில நாள், சில வாரம் தசை திகைத்துப்போய் நிற்கும். உயிர் இருக்கும், வேலை செய்யாது. யூஜின் பிரான்வால்டும் ராபர்ட் குளோனரும் 1982இல் இந்த நிலைக்குப் பெயர் கொடுத்தார்கள். அதற்குப் பிறகு, பம்பாயில் பிறந்து அமெரிக்காவில் பணியாற்றிய ஷாபுதீன் ரஹிம்தூலா இன்னொரு நிலையைப் பேசினார். ரத்தம் நாள்பட்டுக் குறைவாகவே கிடைத்தால், தசை தன் வேலையைச் சுருக்கிக்கொண்டு உறங்கிவிடுகிறது. கரடி பனிக்காலத்தில் உறங்குவதுபோல. ரத்தம் திரும்பக் கிடைத்தால் விழித்துக்கொள்ளவும் கூடும். செத்தது, திகைத்தது, உறங்குவது ஆகிய மூன்றும் சாதாரண எக்கோவில் ஒரே மாதிரிதான் தெரியும். பிரித்தறியத்தான் தாலியம் ஸ்கேன், பெட் ஸ்கேன், எம்.ஆர்.ஐ. எல்லாம். எம்.ஆர்.ஐ.யில் கடோலினியம் மருந்து செலுத்திச் சில நிமிடம் கழித்துப் பார்த்தால் தழும்பு வெள்ளையாக ஒளிரும், உயிருள்ள தசை கறுப்பாக இருக்கும். ரேமண்ட் கிம் குழுவினர் 2000இல் காட்டியது இதுதான்: தழும்பு சுவரின் தடிமனில் எவ்வளவு தூரம் ஊடுருவியிருக்கிறதோ, அந்தச் சுவர் மீண்டு வரும் வாய்ப்பு அவ்வளவு குறைவு.

எனவே முதல் வாரத்து 35 என்பது முதல் வாரத்து 35 மட்டுமே. மருத்துவ உலகம் இதைப் பட்டுத்தான் கற்றது. மாரடைப்பு வந்து 6 முதல் 40 நாளுக்குள், பம்ப்பிங் குறைந்தவர்களுக்கு அதிர்ச்சிக் கருவியை நெஞ்சில் பதித்தால் உயிர் காக்கலாம் என்று 674 பேரிடம் சோதித்தார்கள். 2004இல் வந்த ‘டினாமிட்’ ஆய்வின் முடிவு: மொத்த இறப்பு குறையவில்லை. இதனால்தான் இன்றும் கருவி வேண்டுமா என்று முடிவெடுக்குமுன் குறைந்தது 40 நாள் காத்திருந்து, மாத்திரைகளை ஒழுங்காகக் கொடுத்து, மறுபடி எக்கோ எடுக்கச் சொல்கிறார்கள். ஸ்டென்ட் வைத்திருந்தால் 90 நாள்கூட ஆகும். சபரிமலைக்கு மாலை போட்டவர் 41 நாள் விரதம் இருக்கிறார். மருந்தை ஒரு மண்டலம் சாப்பிட்டுவிட்டு வா என்பார் சித்த வைத்தியர். அந்தப் பொறுமை நமக்குப் புதிதில்லை. எக்கோ எண்ணுக்கும் ஒரு மண்டலம் கொடுக்க வேண்டும் என்று சொன்னால், மலைக்கிராமத்துப் பாட்டிக்கும் சட்டென்று விளங்கும்.

இனித் தலையெழுத்து என்ற கேள்வி. சைவ சித்தாந்தம் வினையைச் சஞ்சிதம், பிராரத்தம், ஆகாமியம் என்று மூன்றாகப் பிரிக்கிறது. சேர்ந்து கிடப்பது சஞ்சிதம். இப்பிறவியில் அனுபவித்துத் தீர்க்க வந்தது பிராரத்தம். இன்று செய்து நாளைக்குச் சேர்ப்பது ஆகாமியம். “எல்லாம் விதி” என்று சொல்லி மாத்திரையைத் தூக்கி வைக்கிறவர்கள் முதல் இரண்டை மட்டும் படித்துவிட்டு மூன்றாவதை மறந்தவர்கள். இதயத் தழும்பைப் பிராரத்தம் என்று சொல்ல ஒருவருக்கு உரிமை உண்டு. அது வந்தது, இனி அழியாது. ஆனால் திகைத்து நிற்கும் தசை என்ன ஆகும் என்பதில் இன்று செய்வதற்கும் பங்கு இருக்கிறது. பீடியை விடுவது, மாத்திரை, நடை எல்லாம் அதில் சேரும். எல்லாம் எழுதி முடிந்தது என்று சொல்ல அந்த மரபே இடம் தரவில்லை.

டிரெட்மில் இங்கேதான் உள்ளே வருகிறது. எக்கோ படுத்திருக்கும் மனிதனின் இதயத்தைப் பார்க்கிறது. டிரெட்மில் நடக்கும் மனிதனைப் பார்க்கிறது.

நெஞ்சு முடியைச் சிரைத்து, பத்து இடத்தில் ஒட்டி, வயர்களை இடுப்பில் கட்டி, கையில் பிரஷர் பட்டையோடு, ஓடும் பட்டையின் மேல் ஏற்றுவார்கள். சியாட்டிலைச் சேர்ந்த ராபர்ட் புரூஸ் 1963இல் வகுத்த முறைதான் இன்றும் பெரும்பாலான இடங்களில். முதல் மூன்று நிமிடம் மணிக்கு 2.7 கிலோமீட்டர் வேகம், 10 சதவீதச் சரிவு. அடுத்த மூன்று நிமிடம் 4 கிலோமீட்டர், 12 சதவீதம். அதற்கடுத்து 5.5 கிலோமீட்டர், 14 சதவீதம். சேலத்திலிருந்து ஏற்காடு ஏறும் சாலையின் சராசரிச் சரிவைவிட முதல் கட்டமே செங்குத்து. ஒவ்வொரு கட்டத்திலும் பிரஷர் பார்ப்பார்கள். இ.சி.ஜி.யில் ஒரு குறிப்பிட்ட கோடு கீழே இறங்குகிறதா, ஏற வேண்டிய பிரஷர் விழுகிறதா, துடிப்பு தடம் புரள்கிறதா, முகம் வெளுக்கிறதா? இவற்றில் ஒன்று தெரிந்தாலும் பட்டையை நிறுத்திவிடுவார்கள். மாரடைப்பு வந்த முதல் இரண்டு நாளில் இதைச் செய்வதில்லை. அதன் பிறகும், வீட்டுக்கு அனுப்புமுன் செய்தால் அளவோடு பாதியில் நிறுத்திவிடுவார்கள். முழுச் சோதனை சில வாரம் கழித்துத்தான். ஆபத்தே இல்லாத சோதனை என்று சொல்ல முடியாது. 2,500 சோதனைக்கு ஒன்று என்ற அளவில் மாரடைப்போ மரணமோ நேரலாம் என்பது பாடப்புத்தகக் கணக்கு. பக்கத்தில் டாக்டரும் ஷாக் கருவியும் இல்லாமல் செய்யக் கூடாது என்பது அதனால்தான்.

ஆச்சரியம் என்னவென்றால், இந்த நடை சொல்லும் கதையும் எக்கோ எண் சொல்லும் கதையும் பல நேரம் ஒத்துப்போவதில்லை. பம்ப்பிங் 30 உள்ள ஒருவர் இரண்டாம் கட்டத்தைச் சிரமமில்லாமல் தாண்டுவார். 50 உள்ள இன்னொருவர் முதல் கட்டத்திலேயே மூச்சு வாங்கி நிற்பார். கால் தசை, நுரையீரல், ரத்தக் குழாய்களின் நெகிழ்வு, பல வருட உழைப்பு எல்லாம் சேர்ந்துதான் ஒரு மனிதனை மேட்டில் ஏற்றுகின்றன. ஜொனாதன் மயர்ஸ் குழுவினர் 6,213 ஆண்களை டிரெட்மில்லில் ஏற்றிப் பல ஆண்டு தொடர்ந்து கவனித்து 2002இல் எழுதினார்கள்: ஓய்வில் செலவாகும் ஆக்சிஜனை ஓர் அலகு என்று வைத்தால், உழைப்புத் திறனில் கூடும் ஒவ்வோர் அலகுக்கும் உயிர்வாழும் வாய்ப்பு 12 சதவீதம் கூடுகிறது. வழக்கமான மற்ற அபாயக் காரணிகளைவிட, இருப்பதைக் கொண்டு எவ்வளவு தூரம் போக முடிகிறது என்பதே ஆயுளை நன்றாகச் சொன்னது. காப்பிச் செடிகளுக்கு நடுவே முப்பது வருடம் ஏறி இறங்கிய கால்கள் எக்கோ திரையில் தெரியாது. டிரெட்மில்லில் தெரியும்.

எண்ணைத் தலையெழுத்தாக எடுத்துக்கொள்கிறவருக்கான பதில் இது. சோதனையே வேண்டாம் என்கிற பக்திக்கு என்ன சொல்வது?

பெரிய புராணத்தில் பூசலார் கதை எல்லோருக்கும் தெரிந்ததுதான். திருநின்றவூரில் கையில் காசில்லாத ஒரு மனிதர் மனத்துக்குள்ளேயே சிவனுக்குக் கோயில் கட்டினார். அதே நாளில் காஞ்சியில் காடவர் மன்னன் கற்கோயிலுக்குக் குடமுழுக்குக் குறித்திருந்தான். இறைவன் கனவில் வந்து, நாளை பூசலார் கோயிலில் புகுகிறேன், உன் நாளைத் தள்ளிவை என்றார். இன்றும் திருநின்றவூர் இருதயாலீசுவரர் கோயிலுக்கு இதய நோயாளிகள் வந்து வேண்டிக்கொள்கிறார்கள். இந்தக் கதையில் பலரும் கவனிக்காமல் கடந்துபோகும் ஒன்று, பூசலார் எப்படிக் கட்டினார் என்பது. நினைத்த மாத்திரத்தில் கோயில் எழுந்துவிடவில்லை. மனத்தாலேயே பொருள் சேர்த்து, தச்சர்களைத் தேடி, நல்ல நாள் பார்த்து, அடித்தளத்திலிருந்து சிகரம் வரை படிப்படியாக, மதில் கிணறு குளம் எதையும் விடாமல், நெடுநாள் கட்டினார். கண்ணுக்குத் தெரியாத கோயிலுக்கே அளவு வேண்டியிருந்தது. அளப்பது பக்திக்கு எதிரி என்று அந்தக் கதையைப் படித்தவர் சொல்ல முடியாது.

ஏற்காட்டுக்கு இன்னோர் இதயமும் உண்டு. 1894இல் தொடங்கிய திருஇருதயப் பள்ளியின் பெயரில் இருப்பது, கத்தோலிக்க வீடுகளின் சுவரில் படமாகத் தொங்கும் அந்த இதயம். முள்வளையம் சுற்றி, காயத்தோடு, நெஞ்சுக்கு வெளியே தெரியும்படி. அடிபட்ட இதயத்தை மூடி மறைக்காமல் காட்டுகிற படம் அது. தன் நெஞ்சின் காயத்தைத் தானே பார்க்கப் பயந்து சோதனையைத் தள்ளிப்போடும் ஒருவர், பிரார்த்தனை முடிந்து எழும்போது அந்தப் படத்தை ஒரு நிமிடம் உற்றுப் பார்க்கலாம்.

மலைக் கோயில்களே இந்த விஷயத்தில் பக்தர்களைவிடத் தெளிவாக இருக்கின்றன. சபரிமலைப் பாதையில் நீலிமலையிலும் அப்பாச்சிமேட்டிலும் இதயச் சிகிச்சை மையங்கள் வைத்திருக்கிறார்கள். மூச்சு முட்டும் ஏற்றம் அங்கேதான். பழனியின் 693 படிகளுக்குப் பக்கத்தில் 1966 முதல் விஞ்சும், 2004 முதல் ரோப் காரும் ஓடுகின்றன. 1,305 படி ஏற வேண்டிய சோளிங்கர் பெரிய மலைக்கு 2024 மார்ச்சில் ரோப் கார் வந்தது. இழுவை வண்டியில் வந்தவனுக்குப் பழனி முருகன் முகம் காட்டவில்லை என்று இதுவரை யாரும் சொன்னதில்லை. கோவை வெள்ளியங்கிரியின் ஏழு மலைகளில் அந்த வசதி கிடையாது. 2024ஆம் ஆண்டுப் பருவத்தில் அங்கே ஏறிய பக்தர்கள் சிலர் வழியிலேயே இறந்தார்கள். இதய நோய், மூச்சுத் திணறல் உள்ளவர்கள் ஏற வேண்டாம் என்று வனத்துறை கேட்டுக்கொண்டது. வேண்டுதலை நிறைவேற்றப் போன உயிர்கள் அவை. அந்த வீடுகளின் துயரத்துக்கு யார் பக்தியையும் குறை சொல்லி ஆகப்போவது ஒன்றுமில்லை. போகுமுன் ஒரு சோதனை இருந்திருந்தால் என்ற ஏக்கம் மட்டும் நிற்கிறது.

இதற்காகச் சோதனையைச் சாமியாக்கிவிடவும் கூடாது. டி.எம்.டி. நார்மல் என்று கேட்டு வந்தவருக்கு அடுத்த மாதமே மாரடைப்பு வருவது உண்டு. குழாயை நெருக்காத சின்னக் கொழுப்புத் திட்டுகூடத் திடீரென்று வெடித்து ரத்தத்தை உறைய வைக்கும். டிரெட்மில் அதை முன்கூட்டிச் சொல்லாது. உறங்கும் தசையைக் கண்டுபிடித்து ரத்தம் பாய்ச்சினால் ஆயுள் கூடும் என்ற அழகான கணக்குக்கும் அடி விழுந்தது. பிரிட்டனில் 700 பேரிடம் நடந்த ‘ரிவைவ்ட்’ ஆய்வு 2022இல் வெளியானது. பம்ப்பிங் 35 அல்லது அதற்குக் கீழே, தசையில் உயிர் இருக்கிறது என்று சோதனையில் தெரிந்தவர்கள் அவர்கள். நல்ல மாத்திரைகளோடு ஸ்டென்ட்டும் வைத்தவர்கள், மாத்திரை மட்டும் சாப்பிட்டவர்களைவிடக் கூடுதலாகப் பிழைக்கவில்லை. அவர்களில் பெரும்பாலோர் நாள்பட்ட நோயாளிகள். மாரடைப்பு வந்த நேரத்தில் அடைப்பைத் திறப்பதற்கு இந்த முடிவு பொருந்தாது. ஆனாலும் தசையில் உயிர் இருப்பது தெரிவதும் ஆயுள் நீள்வதும் வேறு வேறு என்பது நிரூபணமானது. மிகச் சிறந்த படத்துக்குப் பிறகும் ஓர் இருட்டு மிஞ்சுகிறது. கடவுளிடம் ஒப்படைக்க வேண்டியது அந்த மிச்ச இருட்டை. வெளிச்சம் போட்டுப் பார்க்க முடிந்த இடத்தையும் சேர்த்து அவர் தலையில் கட்டுவது நியாயமில்லை.

மஞ்சக்குட்டைக்காரருக்குத் திரும்பலாம். காத்திருப்பு முடிந்து எக்கோவில் 44 என்றும், டிரெட்மில்லில் இரண்டாம் கட்டத்தை வலியில்லாமல், பிரஷர் விழாமல் முடித்தார் என்றும் வைத்துக்கொண்டால், டாக்டர் பெரும்பாலும் சரி என்றுதான் சொல்வார். ஏற்காட்டு உயரத்தில் காற்றின் ஆக்சிஜன் அழுத்தம் கடல் மட்டத்தில் இருப்பதில் ஐந்தில் நான்கு பங்குக்கும் சற்றுக் கூடுதல். அங்கேயே வாழ்ந்த உடம்புக்கு அது பழக்கம். கோயில் பக்கம் வரை வண்டி போகிறது. பாதி வழி வண்டியிலும் மீதி நடந்தும் போகலாம், துணைக்கு ஆளோடு, வெயிலுக்கு முன்னால், வழியில் உட்கார்ந்து உட்கார்ந்து. முடிவு சரியில்லை என்றால் நேர்த்திக்கடனுக்கு வேறு வழி இருக்கிறது. மகன் நடக்கட்டும், அல்லது அவர் உருவாரம் வாங்கிச் சாத்தட்டும். ஒன்றில் மட்டும் சமரசம் கிடையாது. விரதம் என்று சொல்லி ஸ்டென்ட் வைத்தவர் ஆஸ்பிரினையும் குளோபிடோக்ரலையும் நிறுத்தக் கூடாது. நிறுத்தினால் ஸ்டென்ட்டுக்குள்ளேயே ரத்தம் உறைந்து, மறுபடி அதே கொண்டை ஊசி வளைவுகளில் இறங்க வேண்டி வரும்.

நெஞ்சுவலி வந்து மீண்டவர்களும் அவர்கள் வீட்டாரும் அடுத்த முறை ஃபைலை எடுத்துக்கொண்டு போகும்போது, “பம்ப்பிங் எவ்வளவு?” என்று மட்டும் கேட்டுவிட்டு வந்துவிட வேண்டாம். அடுத்த எக்கோ எந்தத் தேதியில் என்று கேளுங்கள். மனத்தில் எந்த மலை இருக்கிறது, எத்தனை படி, எந்த மாதம் என்பதை டாக்டரிடம் வெட்கப்படாமல் வாய்விட்டுச் சொல்லுங்கள்.